தேதி போடாத கடிதம்

பை தைக்கும் அந்தக் கம்பெனியில், வேலைக்குச் சேரும் அன்றே ராஜினாமாக் கடிதத்திலும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். தேதி மட்டும் போடுவதில்லை. ஒன்பது வருடங்களுக்கு முன்பு அவள் தயங்கி நின்றபோது சூப்பர்வைசர்தான் பேனாவைத் திறந்து நீட்டினார்.

"எல்லாருக்கும் இதுதான் வழக்கம்மா. என் பீரோக்குள்ள தூங்கிக்கிட்டு இருக்கும். நான் இருக்கேன்ல?"

போட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவர் அவளுக்கு அண்ணன்.

கை வேகத்தைப் பார்த்து எல்லாரும் அவளைப் புயல் என்பார்கள். மார்ச் ஐந்தாம் தேதி, பொத்தான் பதிக்கும் இயந்திரம் அவளுடைய வலது கட்டைவிரலை நசுக்கியது. மணிக்கட்டுவரை மாவுக்கட்டு. பன்னிரண்டாம் தேதி அண்ணன் வீடு தேடி வந்தார். விடுப்பு விண்ணப்பத்தைத் தானே எழுதி, இடது கட்டைவிரலால் ரேகை வைக்கச் சொன்னார். பிறகு விரலிலிருந்த மையைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்துவிட்டார். கார்பன் நகலில் கையெழுத்தும் தேதியும் போட்டு அவளிடமே கொடுத்தார்.

கூடப் பிறந்தவர்கள்கூட இவ்வளவு செய்ததில்லை. அந்த நகலை அவள் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்தாள். தினமும் மாலையில் வேண்டும்போது, பிள்ளைகளுக்கு அடுத்து அண்ணனையும் சேர்த்துக்கொண்டாள்.

கட்டுப் பிரித்து, ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி வேலைக்குப் போனாள். வேலையை விடுவதாக நீதான் போன மாதமே எழுதிக் கொடுத்துவிட்டாயே என்று வாசல் காவலர் மறித்தார். ஜன்னல் பக்கமிருந்த ஒருத்தி, "புயல் கரையைக் கடந்துடுச்சுடி" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் வெளியே வரவே இல்லை.

விரல் இனி முன்போல மடங்காது என்று முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. அடிபட்டவளை நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும், விசாரணை வரும். அவளே விட்டுப் போனால் ஒரு தொல்லையும் இல்லை. ஒரு மாத முன்னறிவிப்பு மட்டும் வேண்டும்; பீரோவில் தூங்கிய கடிதத்தில் அதற்கேற்ற தேதியைப் போட்டால் போதும்.

அவள் புகார் கொடுத்த தொழிலாளர் அலுவலகத்தில் அதிகாரி அம்மா, கேட்காமலே தண்ணீர் டம்ளரை அவளுடைய இடது கைப் பக்கம் நகர்த்தி வைத்தார். அதற்கே அவளுக்குக் கண் கலங்கியது. ராஜினாமாக் கடிதத்தைக் காட்டி, கையெழுத்து உன்னுடையதுதானா என்றார். என்னுடையதுதான், ஆனால் சேர்ந்த அன்று போட்டது என்றாள். கம்பெனி சார்பில் வந்திருந்த சூப்பர்வைசர் மேசையைப் பார்த்தபடி, மார்ச் பன்னிரண்டாம் தேதி என் முன்னால்தான் போட்டாள் என்று சொன்னார்.

பன்னிரண்டு என்றதும் அவள் பையிலிருந்து பிரார்த்தனைப் புத்தகத்தை எடுத்தாள்.

அதிகாரி அம்மா இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார். "வலது கையில கட்டு இருக்கறதால ரேகை வைக்கிறாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதே நாள்ல இந்தக் கையெழுத்து எப்படி சார் வந்துது?"

சூப்பர்வைசர் வெளியே போய் முதலாளியுடன் நெடுநேரம் போனில் பேசினார். திரும்பி வந்து, திங்கட்கிழமையிலிருந்து அவள் வேலைக்கு வரலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

படிக்கட்டில் அவள் அவரை நிறுத்தினாள். "பயந்துதான் எழுதியிருப்பீங்க, அது எனக்குப் புரியுது. அந்தத் தேதியைப் போடும்போது என் நினைப்பு வரலையா அண்ணே?"

அவர் விழித்தார். "ஒரு மாசம் பின்னாடி எண்ணிப் போட்டேன், அவ்வளவுதாம்மா. உன் வீட்டுக்கு வந்தது அன்னிக்குத்தானா? சுத்தமா மறந்துபோச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. அவள் தினமும் கடவுளிடம் எடுத்துச் சொன்ன நாள், அவருக்கு நாள்காட்டியில் ஒரு எண்.

அன்று மாலை பிள்ளைகளுக்காக வேண்டி முடித்ததும் நாக்கு நின்றுவிட்டது. மடங்காத விரல் புத்தகத்தின் மேல் கிடந்தது. துரோகம் செய்தது அவர் கைதான். மையைத் துடைத்துவிட்டதும் அதே கைதான். செய்தவரே மறந்துபோன அந்தச் சின்ன உதவிதான் இன்று அவள் வேலையைக் காப்பாற்றியிருக்கிறது. அதைக் கடவுள் மறக்கவில்லை, தான் மட்டும் எப்படி மறப்பது என்று நினைத்தாள்.

"சூப்பர்வைசரையும் நல்லா வைப்பா" என்று வேண்டிக்கொண்டாள். அண்ணன் என்ற சொல் வாயில் வரவில்லை.