மெழுகு பூசிய நாற்பது எலுமிச்சை

1

இந்தக் கதையை நான் திருவொற்றியூரில் ஒரு பெரிய கடையின் பில் வரிசையில் நின்று திருடினேன். எனக்கு முன்னால் நின்ற பெண் கூடையிலிருந்த எலுமிச்சம்பழத்தை நகத்தால் சுரண்டி, நகத்தில் ஒட்டியதைக் கல்லாவில் இருந்தவளிடம் காட்டினாள்.

"இன்னாம்மா இது, மெழுவத்தி மாரி கீது?"

"பளபளப்புக்குப் பூசுறது அக்கா. கழுவிட்டுப் போடுங்க."

"அப்போ போன வருசம் என் மேல தப்பு இல்ல" என்றாள் அவள். யாரிடமும் அல்ல, பழத்திடம். அந்த ஒரு வாக்கியத்தை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மீதியெல்லாம் என் புளுகு.

2

முதல் தொடக்கம்: 'காசிமேட்டில் விடிந்துகொண்டிருந்தது. படகுகள் ஒவ்வொன்றாக…'

வேண்டாம். காசிமேட்டை எழுதுகிற எல்லோரும் விடியலில்தான் தொடங்குகிறார்கள். இந்தக் கதை பகல் பதினோரு மணிக்கு, அடுப்படியில் நடக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: கார்குழலி (பில் வரிசைப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர்) வியாசர்பாடிப் பெண். காசிமேட்டு விசைப்படகில் போகும் வெற்றி என்பவனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். போன வருடம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து அவன் கடலுக்குப் போனபோது, ஆசையாக எலுமிச்சை ஊறுகாய் போட்டுக் கொடுத்தாள். ஐந்தாம் நாள் நடுக்கடலில் மூடியைத் திறந்தால் மேலே வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. அன்றிலிருந்து படகில் வெற்றிக்குப் பெயர் 'பஞ்சுமிட்டாய்'. அது துறைமுகம் வரைக்கும் பரவிவிட்டது. புருஷனைக் கேலி செய்தால் பொறுத்துக்கொள்ளலாம். தன் கைப்பக்குவத்தை வைத்து அவனைக் கேலி செய்வதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இந்த வருடம் தடை முடிய இன்னும் மூன்று வாரம். ஊறுகாய் ஊற அது போதும்.

(பூஞ்சை மெழுகால் வந்ததா, ஈரத்தால் வந்ததா? எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஆனால் பழிபோட ஒன்று கிடைத்தால் மனுஷிக்குத் தெம்பு வருகிறது.)

3

கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர். அதில் இரண்டு கரண்டி ஆப்ப சோடா. நாற்பது பழங்களையும் பத்து நிமிடம் மிதக்கவிட்டு, ஒவ்வொன்றாகத் தேங்காய் நாரால் தேய்த்தாள். பளபளப்பு போய்த் தோல் சொரசொரப்பாக, பழம் பழமாகவே தெரிந்தது. நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, பாயில் பரப்பி மின்விசிறியைப் போட்டாள். காம்புக் குழியில் நிற்கும் ஈரத்தைக்கூட துணி முனையைத் திரித்து ஒற்றி எடுத்தாள்.

கல் உப்பு வாங்கக் கடைக்குப் போனாள்.

4

இங்கே ஒரு வில்லி தேவைப்பட்டாள். மாமியார் பவுனம்மாளை எழுதினேன்: 'மருமகள் ஊறுகாய் கெட வேண்டும் என்று பவுனம்மாள் மனதுக்குள்…'

எழுதும்போதே பொய் என்று தெரிந்தது. மீன் விற்கிற அந்த அம்மாளுக்கு மனதுக்குள் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. அவள் செய்தது அன்பால். அதுதான் பெரிய தொல்லை.

5

வியாபாரம் முடித்து வந்த பவுனம்மாள் பார்த்தது இதுதான்: மே மாத வெக்கையில் நாற்பது பழம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அவள் தொழிலில் வெளியே கிடக்கும் சரக்கு செத்த சரக்கு. உடனே தெர்மாகோல் பெட்டியைத் திறந்தாள். பாதி ஐஸ் மீதி இருந்தது, சங்கரா மீன் அப்போதுதான் விற்றுத் தீர்ந்திருந்தது. பழங்களைக் கொட்டி, ஐஸை அள்ளிப் போட்டு, சாக்கால் மூடிவிட்டாள்.

உப்போடு வந்த கார்குழலி பாயைப் பார்த்தாள்.

"அத்த, பழம் எங்க?"

"வாடிகினு இருந்துச்சி. ஐஸ் வெச்சிகீறேன். நாலு நாள் ஆனாலும் சும்மா கிண்ணுனு இருக்கும்."

கார்குழலி ஒரு பழத்தை எடுத்து மோந்தாள். அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். (மெழுகு இருந்திருந்தால் மீன் வாடை இவ்வளவு ஏறியிருக்காதோ என்னவோ. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும்.)

"எலுமிச்சம்பயத்துல சங்கரா வாசன வருது அத்த! இந்த வாட்டி அவர இன்னா பேரு சொல்லிக் கூப்புடுவாங்க?"

6

பவுனம்மாளுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. பழத்தை வாங்கி மோந்தாள், முகம் சுருங்கியது. பழக்கதோஷத்தில் தன் கையையும் மோந்தாள்.

"மீன் கவுச்சி போவ நாங்க இன்னா தேய்ப்போம் சொல்லு?"

"எலுமிச்ச."

"எலுமிச்சையே நாறுனா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கார்குழலிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அழுத மூக்கோடு சிரித்தாள்.

ஆறு பழங்களை அறுத்தார்கள். அந்த ஆறைப் பிழிந்து தேய்த்து முப்பத்து நான்கைக் காப்பாற்றினார்கள். மறுபடி வெந்நீர், மறுபடி அலசல். துடைக்கும் வேலையைப் பவுனம்மாள் தானே எடுத்துக்கொண்டாள், அதுவும் கட்டாமல் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த புதுப் பருத்திப் புடவையால். அதைப் பார்த்ததும் கார்குழலியின் கோபம் போய்விட்டது. எனக்கும்தான்.

மறுநாள் நாலாகக் கீறி உப்பு அடைத்தார்கள். பெரிய ஜாடி படகுக்கு. சின்ன ஜாடி வீட்டுக்கு.

7

முடிவு ஒன்று: படகே ஜாடியை வழித்து நக்குகிறது. (இனிப்பு அதிகம்.)

முடிவு இரண்டு: மறுபடி பஞ்சு. (எனக்கு மனசு வரவில்லை.)

முடிவு மூன்று: மீன் வாடை கொஞ்சம் நிற்கிறது, ஆனால் விசைப்படகில் அதை யார் கண்டுபிடிப்பது…

படகு போய் இன்று ஐந்தாம் நாள். நடுக்கடலில் போன் எடுக்காது. அங்கே பெரிய ஜாடியைத் திறக்கும் இதே மதியத்தில், இங்கே சின்ன ஜாடிக்கு முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதே பழம், அதே உப்பு. இதைத் திறந்தால் அது தெரிந்துவிடும்.

"நம்ம ஊறுகா ஒண்ணும் ஆயிருக்காது" என்கிறாள் பவுனம்மாள். போன வருடம் அது 'உன் ஊறுகா'வாக இருந்தது. கரண்டியை முந்தானையில் ஒருமுறை துடைக்கிறாள், இன்னொரு முறை துடைக்கிறாள்.

"இன்னொரு தபா தொடைங்க அத்த" என்கிறாள் கார்குழலி.

மூடியைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் திறந்துகொள்ளுங்கள். கையில் ஈரம் மட்டும் வேண்டாம்.