தூக்கிக் குடிக்கும் வீட்டின் உதட்டுச்சாயம்

அக்ஷதாவுக்குத் தன் வருங்கால மாமியார் லக்ஷ்மம்மா மேல் பயமும் இல்லை, கோபமும் இல்லை. இருந்ததெல்லாம் இளக்காரம். அதை இரண்டு வருடமாகச் சோறூட்டி வளர்த்து வைத்திருந்தாள்.

முதன்முதலில் அக்ரஹாரத்தில் இருக்கும் அக்ஷதாவின் வீட்டுக்கு வந்தபோது லக்ஷ்மம்மா நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அக்ஷதாவின் அம்மா தட்டில் வைத்த பிஸ்கட்டைத் தொடவில்லை. "பாக்கெட் இருக்கா?" என்று கேட்டு வாங்கி, கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தை ஒரு வரி விடாமல் படித்தாள். முட்டை இல்லை, ஜெலட்டின் இல்லை. ஆனால் ஏதோ ஒரு நம்பர் இருந்தது.

"நம்பர் போட்டாலே சந்தேகம்தான். எதுக்கு ரிஸ்க்?" என்று பாக்கெட்டை நீட்டிவிட்டாள்.

பிறகு அக்ஷதா காபித் தம்ளரை உதட்டில் வைத்து உறிஞ்சியதைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "எங்காத்துல தூக்கித்தான் குடிப்போம்மா. எச்சப்பண்ற வழக்கமே கிடையாது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் மகன் ஸ்ரீவத்ஸ் அப்போது சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் சங்கடம். அக்ஷதாவின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் ஆபீஸுக்கு லீவ் போட்டுவிட்டு மருந்துச் சீட்டோடு அலைந்தவன் அவன்தான். அக்ஷதாவுக்குத் தலை வலித்தால் அவள் சொல்வதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவான். ஆனால் அம்மா பேச ஆரம்பித்தால் அவன் கண் தானாக மேலே போய்விடும். "கல்யாணம் ஆகட்டும், நான் பேசறேன்" என்பான்.

நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் அவள் போனில் சொல்லிவிட்டாள். "நாளைக்கு ஒரு தடவை நீ அந்த ஃபேனைப் பார்த்தாலும் நான் ரூமை விட்டு வெளில வரமாட்டேன், வத்ஸ். வெறும் பேச்சுன்னு நெனச்சுக்காதே."

மறுநாள் காலை பத்து மணிக்கு, அக்ரஹாரத்துச் சின்னச் சத்திரத்தின் அலங்கார அறைக்குள் லக்ஷ்மம்மா தட்டோடு நுழைந்தாள். புடவை, வளையல், குங்குமச் சிமிழ். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தங்கநிறப் பெட்டி.

"எங்காத்து வழக்கம் தெரியுமோல்லியோ? நிச்சயத்தன்னிக்குப் பொண்ணு தலைலேர்ந்து கால் வரைக்கும் எங்காத்து சாமானைத்தான் போட்டுண்டு வெளில வரணும்."

சொல்லிக்கொண்டே கண்ணாடி முன்னால் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த கறுப்புக் குழாய் லிப்ஸ்டிக்கைச் செத்த கரப்பானைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கினாள். "இது எந்தக் கடை?"

"தெருக்கோடி ஃபேன்ஸி ஸ்டோர் மாமி. நூத்தி நாப்பது ரூபா."

"நாராயணா! எலும்போ கொழுப்போ, எதைப் போட்டு ஆட்டினானோ! எல்லாம் கெமிக்கல்." அதை அப்படியே குப்பைக்கூடைப் பக்கமாக நகர்த்தி வைத்தாள். "இதைப் பாரு. என் பொண்ணு ப்ரார்த்தனா துபாய்லேர்ந்து அனுப்பறது. மூவாயிரத்து எண்ணூறு. சுத்த நேச்சுரல். ஆறு வருஷமா நான் இதைத்தான் போட்டுக்கறேன். வைரமுடி உற்சவத்துக்கு மேல்கோட்டை கோவிலுக்குப் போறச்சேகூட."

இப்போதும் போட்டிருந்தாள். நல்ல அழுத்தமான சிவப்பு.

அக்ஷதா பெட்டியைத் திருப்பினாள். அது அவளுக்குக் கை வழக்கம். ஊருக்கு வெளியே கூரகள்ளியில் அழகுசாதனப் பொருள்களைச் சோதிக்கும் லேபில் ஐந்து வருடமாக அவள் வேலை பார்க்கிறாள். ஒரு பட்டியலில் எது முதலில் இருக்கிறதோ அதுதான் உள்ளே அதிகம். நிறங்கள் மட்டும் எவ்வளவு இருந்தாலும் கடைசியில் கும்பலாக நிற்கும். துபாய்ப் பெட்டியில் முதலில் இருந்தது விளக்கெண்ணெய். நூற்றி நாற்பது ரூபாய்ப் பெட்டியிலும் முதலில் விளக்கெண்ணெய்தான். மீதிப் பணம் தங்கநிற அட்டைக்குப் போயிருந்தது.

அடுத்து மெழுகு. துபாய்க்காரனுடையது தேனீ மெழுகு, கூடவே ஆட்டு ரோமத்திலிருந்து எடுத்த பிசுக்கு. அவளுடையதில் ஒரு செடியின் மெழுகு. பிறகு கடைசி வரி. அவளுடையதில் இரும்பு ஆக்சைடும், தொழிற்சாலையில் செய்த ஒரு சிவப்பும். துபாய்ப் பெட்டியில் சிஐ 75470.

அந்த நம்பரை அவள் லேபில் எத்தனையோ தடவை எடை போட்டிருக்கிறாள். கள்ளிச்செடியில் ஒட்டி வாழும் ஒரு பூச்சி. அதைக் காயவைத்துப் பொடித்து எடுக்கிற சிவப்பு. சட்டம் அனுமதிப்பதுதான், அவளுக்கு அதில் அருவருப்பு எதுவும் இல்லை. லக்ஷ்மம்மா சொன்னதும் சத்தியம்தான்: சுத்த நேச்சுரல். இவள் திட்டிய கெமிக்கல் சுத்த சைவம். அதன் பெட்டியில் பச்சைப் புள்ளிகூட இருந்தது. இவள் கொண்டாடிய இயற்கையோ ஆறு கால் பூச்சி. பிஸ்கட்டுக்கு எடுத்த பூதக்கண்ணாடியை இதற்கு ஒரு நாளும் எடுத்ததில்லை. துபாய் என்றதும் எழுத்தெல்லாம் தானே பெரிதாகிவிடும் போல.

அக்ஷதாவே சொல்லியிருக்கலாம். சொன்னால் அது மாமியார் மருமகள் சண்டை. அவளுக்கு வேண்டியது வேறு.

"மாமி, வத்ஸைக் கொஞ்சம் கூப்பிடறேன்."

பஞ்சகச்சம் தடுக்க ஸ்ரீவத்ஸ் வந்து நின்றான். அவன் கையில் இரண்டு பெட்டியையும் கொடுத்தாள். "ரெண்டுத்துலயும் கடைசி வரியைப் படி. புரியலேன்னா போன்ல தேடு."

"இப்பவா? வாத்தியார் லக்னப் பத்திரிகை வாசிக்க உட்கார்ந்தாச்சு, அக்ஷதா."

"உட்காரட்டும்."

அவன் போனைத் தட்டினான். படித்தான். அம்மாவின் உதட்டைப் பார்த்தான். பிறகு, அக்ஷதா பயந்தபடியே, அவன் கண் மெல்ல மேலே ஃபேனுக்குப் போனது. அக்ஷதா கையில் பாதி ஏற்றியிருந்த வளையலைக் கழற்றித் தட்டில் வைத்தாள். சின்னச் சத்தம்தான்.

அவன் கண்ணைக் கீழே இறக்கினான்.

"அம்மா, இதுல பூச்சி இருக்கு."

"என்னடா ஒளர்றே?"

"பூச்சியைக் காயவெச்சு அரைச்ச கலர். உன் கண்ணாடியை எடு, நீயே பாரு."

லக்ஷ்மம்மா பூதக்கண்ணாடியை எடுத்தாள். பார்த்தாள். "ஏதோ நம்பர்தானே போட்டிருக்கு!"

"பிஸ்கட்ல நம்பர் இருந்தா வேண்டாம்னியே?"

"அது சாப்பிடற வஸ்து. இது உதட்டுக்கு."

"உதட்டுல போட்டது எங்க மாமி போறது?" என்றாள் அக்ஷதா. "சாயங்காலத்துக்குள்ள பாதி உள்ளதான் போறது. தூக்கிக் குடிச்சாலும்."

லக்ஷ்மம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். மூடிய உதடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது போலச் சட்டென்று மறுபடி திறந்துகொண்டாள். பிறகு அவளுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

"துபாய்ல விக்கறான்னா நல்ல பூச்சியாத்தான் இருக்கும். வெளிநாட்டுல அதையெல்லாம் சுத்தமா வளப்பா."

இவ்வளவுதான். வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் முருங்கைக்காய்க்கும் தடை போட்டு, சமையல்காரருக்கு ஒரு முழுப் பக்கம் எழுதி அனுப்பிய ஆசாரம், மூவாயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு முன்னால் கை கட்டி நின்றது. இத்தனை நாள் வளர்த்த இளக்காரம் வீண்போகவில்லை என்று அக்ஷதாவுக்கு நிறைவாகக்கூட இருந்தது.

ஆனால் ஸ்ரீவத்ஸ் சிரித்துவிட்டான். அம்மாவுக்கு எதிரே அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

"சும்னே இருடா!" என்று கன்னடம் கலந்து அதட்டினாள் லக்ஷ்மம்மா.

"இல்லம்மா. புடவை நீ கொடுத்தது, வளையல் நீ கொடுத்தது, கட்டிப்பா, போட்டுப்பா. உதடு அவளோடது. அவளுக்கு எது வேணுமோ அதைப் போட்டுண்டு வருவா." சொல்லிவிட்டு, குப்பைக்கூடைப் பக்கம் கிடந்த கறுப்புக் குழாய் லிப்ஸ்டிக்கை எடுத்து, அங்கவஸ்திரத்தில் துடைத்து, அக்ஷதாவின் கையில் கொடுத்தான்.

லக்ஷ்மம்மா கைக்குட்டையால் உதட்டைத் தேய்த்துக்கொண்டே வெளியே போனாள். அந்தச் சிவப்பு லேசில் போகிற ஜாதி இல்லை. மூன்று நான்கு தடவை தேய்க்க வேண்டியிருந்தது.

அக்ஷதா வளையல்களைப் போட்டுக்கொண்டாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நூற்றி நாற்பது ரூபாயை நிதானமாக உதட்டில் தீட்டிக்கொண்டாள். கதவு மறுபடி திறந்தது.

லக்ஷ்மம்மாதான். உதடு வெளுத்து, மூக்குக்குக் கீழே முகமே இல்லாதது போல இருந்தாள். "ஃபோட்டோக்காரன் வந்துட்டான்," என்றாள், சுவரைப் பார்த்து. "கலர் கொஞ்சம் மட்டம்தான். பரவால்லே. அந்த நூத்தி நாப்பதைக் கொஞ்சம் இப்படிக் குடு."

அக்ஷதா மூடியை அழுத்தி மூடினாள்.

"எச்சல் மாமி," என்றாள் மிகுந்த மரியாதையோடு. "இப்பத்தான் நான் போட்டுண்டேன்."

லக்ஷ்மம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அது அவளுடைய சொந்தச் சட்டம்.

ஒரு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. எல்லாப் படத்திலும் லக்ஷ்மம்மா உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, கசப்பு மருந்து குடித்தவள் போல நின்றாள். அக்ஷதா அந்தப் படங்களை ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் ரசித்தாள். கடைசிப் படத்தில் மட்டும் மாமியாரைப் பார்க்க மறந்துவிட்டாள். அதில் எல்லோரும் கேமராவைப் பார்க்க, ஸ்ரீவத்ஸ் அக்ஷதாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு நேர் மேலே சத்திரத்து ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.