சூப்பின் அடியில் கிடந்தது

அந்த சூப்பின் வாசனையே தையல்நாயகிக்கு ஆகவில்லை. மிளகும் பூண்டும் தூக்கலாக இருந்தன. அதற்கும் அடியில், துருப்பிடித்த ஆணியை நக்கினால் வருமே, அப்படி ஒரு ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது.

"முருங்கைக்கீரை சூப்புதான் தையலு. பஸ் ஸ்டாண்டாண்ட ஒருத்தர் போடுறாரு. ரத்தம் ஊறுமாம். மூக்கப் புடிச்சிக்கினு குடிச்சிடு" என்றான் அவள் கணவன் குமரகுரு.

குடித்தாள். சில வாரங்களாகவே சாயங்காலமானால் பிளாஸ்க்கோடு வந்துவிடுகிறான். அவன் முகத்தைப் பார்த்தால் வேண்டாமென்று சொல்ல மனம் வரவில்லை.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணமான நாளிலிருந்து அவனோடு சேர்ந்து பட்டு நெய்கிறவள். இப்போது தறிக்குழியிலிருந்து ஏறி வந்தாலே மூச்சு வாங்கியது. முகம் சாயமேற்றாத நூல் மாதிரி வெளுத்திருந்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது வேறொன்று. சிலேட்டுக்குச்சி! கடையில் பிள்ளைகளுக்கு என்று பொய் சொல்லி வாங்கிவந்து, தறிக்குழிக்குள் குனிந்து, நறநறவென்று கடித்து விழுங்குவாள். விழுங்கியதும் தன்மேலேயே அருவருப்பு வரும். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தால் மறுபடி கை தேடும்.

ஒருநாள் நாத்தனார் கமலவேணி அதைப் பார்த்துவிட்டாள். பக்கத்து வீடுதான், எந்த நேரமும் உள்ளே வருவாள்.

"சீ! இன்னாத்த துன்ற நீ? மண்ணு துன்ற புழுவா?"

தையல்நாயகி வெள்ளை படிந்த உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது இன்னொன்றும் உண்டு. மாதவிலக்கு வந்தால் அவளுக்குப் பத்து நாளுக்கு நிற்பதில்லை. கட்டி கட்டியாகப் போகும். அந்த வீட்டில் விலக்கானவள் தறியைத் தொடக்கூடாது, பூஜை அறைப் பக்கம் வரக்கூடாது. வாசலில் நிற்கும்போதே கமலவேணியின் மூக்கு சுருங்கும். பத்து நாளும் அந்தச் சுருங்கிய மூக்கைப் பார்க்க முடியாமல், மூன்றாம் நாளே தலைக்கு ஊற்றிக்கொண்டு, "முடிஞ்சிடுச்சி அண்ணி" என்று தறியில் உட்கார்ந்துவிடுவாள். உள்ளே துணிமேல் துணியாக வைத்துக்கொண்டு, வாடை வெளியே தெரிந்துவிடுமோ என்று நடுங்கிக்கொண்டே நெய்வாள்.

அன்று சாயங்காலம் சூப்பின் கடைசி மடக்கில் ஏதோ பல்லில் அகப்பட்டது. கீரைத்தண்டு இல்லை. மெத்தென்று இருந்தது. உள்ளங்கையில் துப்பினாள். கருஞ்சிவப்பாக, நுண்ணிய துளைகளோடு, ஓரத்தில் மெல்லிய தோல் சுருண்டிருந்தது.

முட்டைகூட வாயில் வைக்காத சைவக் குடும்பம் அவளுடையது. ஆனாலும் அது கறி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொல்லைக்கு ஓடினாள். குடித்தது, பகலில் தின்றது, கடைசியில் வெறும் பித்தநீர் எல்லாம் வெளியே வந்தது.

குமரகுரு பின்னாலேயே தண்ணீர்ச் செம்போடு நின்றான்.

"இன்னா குடுத்தீங்க எனக்கு?"

"சுவரொட்டி... ஆட்டோட மண்ணீரலு. ரத்தத்துக்கு அதான் மருந்துன்னு எல்லாரும் சொன்னாங்க. சொன்னா நீ குடிக்கமாட்டியே தையலு."

"தொடாதீங்க!" அவன் நீட்டிய செம்பைத் தட்டிவிட்டாள். சத்தம் கேட்டு வந்த கமலவேணி விஷயம் தெரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, சாமி இருக்கிற வூட்லயா? கண்றாவி!"

அந்த ஒரு சொல்லில் தையல்நாயகிக்குள் ஏதோ அறுந்தது.

"கண்றாவியா? அண்ணி, எனக்குப் பத்து நாளு ரத்தம் போவுது. வருசக் கணக்கா. கட்டியா விழுவுது. உங்க மூஞ்சிக்குப் பயந்துக்கினு மூணு நாளுன்னு பொய் சொல்லிக்கினு இருந்தேன். ஆளாளுக்கு என் வாயில ஊத்துறீங்களே, கீழ போறது எவ்ளோன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

குமரகுரு தலையைக் குனிந்துகொண்டான். மனைவியைப் பற்றி ஊரெல்லாம் விசாரித்தவனுக்கு அவளிடம் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெண் டாக்டர். கீழிமையை இழுத்துப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், ஸ்கேனுக்கு அனுப்பினார். ஹீமோகுளோபின் ஆறரைதான் இருந்தது. கர்ப்பப்பையில் கட்டி; புற்றுநோய்க் கட்டி மாதிரித் தெரியவில்லை என்றார்.

"சுவரொட்டியில இரும்பு இல்லேன்னு சொல்லலம்மா. ஆனா இந்த அளவுக்குக் குறைஞ்சப்புறம் எந்த சாப்பாடும் தனியா ஈடு கட்டாது. ஊசி, மாத்திரை வேணும். முதல்ல ரத்தப்போக்க நிறுத்தணும். நீங்க சைவமாவே இருக்கலாம்." பிறகு குமரகுருவைப் பார்த்தார். "அவங்களுக்குத் தெரியாம எதையும் குடுக்காதீங்க."

சிலேட்டுக்குச்சி தின்னும் ஆசையைப் பற்றித் தையல்நாயகி தயங்கித் தயங்கிச் சொன்னாள். டாக்டர் முகம் சுளிக்கவில்லை. இரும்பு குறைந்தால் அப்படி ஆசை வரும், ஏறினால் போய்விடும் என்றார். தலையைக் கவிழ்த்துக்கொண்டு தையல்நாயகி அழுதுவிட்டாள்.

வைத்தியமும் இனிக்கவில்லை. ஊசி போட்ட நாட்களில் வாயில் அதே இரும்பு வாடை. மாத்திரையை வெறும் வயிற்றில் எலுமிச்சைத் தண்ணீரோடு விழுங்கவேண்டும். காப்பியையும் டீயையும் தள்ளி வைக்கவேண்டும், அவை இரும்பை உடம்பில் சேரவிடாதாம். மலம் கரியாகப் போயிற்று, வயிறு கட்டிக்கொண்டது. ஒவ்வொரு காலையும் குமட்டலோடுதான் விடிந்தது. ரத்தப்போக்குக்குத் தனி மாத்திரை. கட்டியை எடுப்பதா என்பதை உடம்பு தேறியதும் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆனால் தேறியது. ஒரு மத்தியானம் நெய்துகொண்டிருந்தவள் மூச்சு வாங்காமல் குழியிலிருந்து ஏறி வந்தாள். குமரகுருவை மன்னித்தாளா என்று கேட்டால், பேசினாள், அவ்வளவுதான். அவன் கொண்டுவந்து கொடுப்பதை வாயில் வைக்க இன்னும் மனம் வரவில்லை.

கார்த்திகை பிறந்ததும் கமலவேணி வந்தாள். வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, காதோரம் குனிந்து கிசுகிசுத்தாள்.

"என் பொண்ணு தீபிகாவுக்கும் அதே மாதிரிதான் இருக்குதும்மா. காலேஜுல மயங்கி வுழுந்துட்டா. வெளிய சொன்னா அசிங்கம்..."

அசிங்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் தையல்நாயகிக்கு அந்த சூப்பைவிட அருவருப்பாக இருந்தது. பேச்சை முடிக்கவிடாமல் எழுந்து வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"தீபிகா! எத்தினி நாளு போவுது உனக்கு? கிளம்புமா, டாக்டராண்ட போலாம்" என்றாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி.