பேய்க்கணவாய்ப் பாறை திறந்த நாள்

கடல் பாறையில் மூன்று மாதம் யாரும் பிடிக்கக் கூடாது, பூட்டலாம் என்று ஊர்க்கூட்டத்தில் முதலில் வாய் திறந்தவள் நான்தான். எட்டுக்கைப் பேய்க்கணவாயைக் குஞ்சிலேயே குத்தி விற்றுக்கொண்டிருந்தால் நாளைக்கு மணலைத்தான் விற்க வேண்டும் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். என் நாத்தனார் ஸாஃபி ஆட்டவில்லை.

"உனக்கென்ன அண்ணி, எங்கண்ணன் படகுல போறாரு. பாறைய நம்பி இருக்கிறவ நான். புள்ளைங்களுக்கு மரவள்ளிக்கெழங்குக்குத் தொட்டுக்கக் காத்தையா குடுப்பேன்?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். மூன்று மாதமும் பார்க்கும் இடமெல்லாம் குத்தல் பேச்சு. திறக்கிற அன்றைக்குக் கணவாய் கிடைக்காவிட்டால், சாயங்காலக் கூட்டத்தில் இனி பூட்டே வேண்டாம் என்று கை தூக்குவாளாம். அவள் தூக்கினால் பாதி ஊர் தூக்கும்.

அந்த நாளும் வந்தது. விடிந்ததும் கடல் வற்றிப் பாறை வெளியே தெரிந்தது. வெயிலுக்கு முகத்தில் மரச்சாந்து பூசிக்கொண்டு, ஈட்டியும் கூடையுமாகப் பெண்கள் கரையில் நின்றோம். கணவாய் வாங்க துலியாரா நகரத்திலிருந்து ஐஸ் லாரியும் வந்துவிட்டது. ஊர்த் தலைவர் முன்னோர்களுக்கு ரம் ஊற்றி வேண்டிக்கொண்டு கையை இறக்கினார். அவ்வளவுதான், ஓட்டம்!

"ஐயோ, இங்க பாருங்கடி!" என்று ஒருத்தி அலறினாள். அவள் கையைத் தோள்வரை சுற்றியிருந்தது கணவாய். முதல் பொந்திலேயே எனக்கும் ஒன்று, என் கைக்குழந்தை கனம். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன எனக்கு.

ஸாஃபியைத் தேடினேன். நாலு வார்த்தை கேட்க வேண்டாமா? அவளோ காலிக் கூடையோடு ஒரு பொந்தருகே நின்றிருந்தாள். எட்டிப் பார்த்தேன். அடேயப்பா, என்னுடையதைவிடப் பெரிசு! ஈட்டியை ஓங்கினேன். தட்டிவிட்டாள்.

"குத்தின, கைய ஒடச்சிடுவேன்! முட்டைய அடைகாத்துக்கிட்டு இருக்கு, கண்ணு தெரியல?"

அரிசிமணி போல முட்டைகள் சரம் சரமாகத் தொங்கின.

"அடியே, தண்ணி ஏறிடும். உன் கூடை காலி!"

"நான் நகந்தா எவளாவது குத்திடுவா அண்ணி."

"சாயங்காலம் நீ கை தூக்கிட்டா தெனமும் குத்துவாளுங்களே?"

முறைத்தாள். "யாரு தூக்கறா? இதுங்க குஞ்சு பொரிச்சு வளர வேணாமா? மறுபடி பூட்டச் சொல்லு."

எனக்குக் குதிக்கலாம் போலிருந்தது. "நகரு, நான் நிக்கறேன். நீ போய்ப் புடி."

"உன்ன நம்பியா?" என்றாள். ஆனாலும் ஓடினாள்.

தண்ணீர் முழங்காலுக்கு ஏறும்வரை நின்றேன். ஸாஃபி கூடையைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வந்தாள். வந்ததும் முதலில் பொந்தைத்தான் பார்த்தாள்.