வெயில் தேற்றாத எலும்பு

பீர்க்கன்கரணையில் மொட்டை மாடியில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்திலேயே மகள் ரக்ஷிதாவையும் உட்கார வைத்திருந்தான் மீன் வியாபாரி மதியழகன். உச்சி வெயில். முதுகெல்லாம் தீக்காயத் தழும்போடு குழந்தை நெளிந்தது.

அந்தக் காயம் எப்படி வந்தது என்கிறீர்களா? இந்த மகராசன்தான் காரணம்! குடித்துவிட்டு வந்து, பெண்டாட்டி ஜெயப்ரியாவோடு சண்டை போட்டு, மீன் பொரித்துக்கொண்டிருந்த எண்ணெய்ச் சட்டியை எட்டி உதைத்தான். கொதிக்கிற எண்ணெய் பிள்ளைமேல் கொட்டியது. படுபாவி!

புண் ஆறி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, டாக்டர் சுபத்ரா வைட்டமின் டி சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். நிறுத்தவே கூடாது என்றார். ஜெயப்ரியாவும் கொடுத்துத்தான் வந்தாள். இவனுக்குப் பொறுக்கவில்லை.

"புண்ணுதான் ஆறிட்ச்சே, இன்னும் இன்னாத்துக்குடி மருந்து? கடக்கரலேர்ந்து வந்த ஜனம் நாம, வெயில்லயே வளந்தவங்கோ. அது குடுக்காததையா இது குடுக்கப்போவுது?" என்று பாட்டிலைச் சுவரில் அடித்து உடைத்தான். தடுக்க வந்தவளுக்கு விழுந்த அறையில் உதடு கிழிந்தது. பயந்துபோய் அவளும் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் மாதக்கணக்கில் வெயில்தான் வைத்தியம்.

இன்றைக்கு, "எரியுதுப்பா" என்று குழந்தை எழுந்து ஓடியது.

"இன்னா திமிரு உனுக்கு?" கையைப் பிடித்து இழுத்தான். சடக்கென்று ஒரு சத்தம். முன்கை வளைந்து தொங்கியது. குழந்தை அலறியதில் தெருவே கூடிவிட்டது.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் சுபத்ரா கொதித்துப்போனார்.

"லேசாத்தான் இழுத்தேன் மேடம்."

"லேசா இழுத்ததுக்கே ஒடையற அளவுக்கு எலும்பைக் கெடுத்து வச்சிருக்கீங்க! தீக்காயம் பட்ட தோலு, ஆறினப்புறமும் முன்ன மாதிரி வைட்டமின் டி தயாரிக்காதுங்க. வெயில்ல வச்சா தழும்புதான் இன்னும் மோசமாகும். அதுக்குத்தானே சொட்டு மருந்து? நீங்களா நிறுத்தலாமா?"

"எல்லாம் உன்னாலதான்டி!" டாக்டர் எதிரிலேயே, பக்கத்தில் நின்ற ஜெயப்ரியாமேல் கையை ஓங்கினான் அவன்.

அவள் அந்தக் கையைப் பிடித்து ஒரே தள்ளு. பெஞ்சில் மோதி விழுந்தான்.

"மருந்த ஒடச்சது நீ. பாத்துகினு சும்மா இருந்தது நானு. நெருப்பு பட்ட புள்ளைக்கு தோலு ஆறுனா மட்டும் பத்தாதுய்யா, உள்ள எலும்பும் தேறணும். டாக்டரு போதும்னு சொல்ற வரிக்கும் மருந்து குடுக்கணும். அதவுட முக்கியம், உன்ன மாதிரி ஆளு கிட்ட அண்டக் கூடாது."

டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"போலீசக் கூப்டுங்க மேடம். எண்ணெச் சட்டிய ஒதச்சதுலேர்ந்து எல்லாத்தையும் நானே சொல்றேன்."