மார்லிஸ் நிறுத்தாத மாத்திரை

1

இந்தக் கதையை நான் எழுத உட்கார்ந்தது பயத்தில்தான். வேறு உன்னதமான காரணம் ஏதும் இல்லை. மார்லிஸ் ஹாகன் இப்போது அமெரிக்காவின் வடக்கே டுலூத் நகர மருத்துவமனையில் ஆக்ஸிஜனோடு படுத்திருக்கிறாள். அவளும் நானும் மாற்றுச் சிறுநீரகக்காரர்கள். ஒரே காத்திருப்பு அறையில் வருடக்கணக்காகப் பழைய பத்திரிகைகளைப் புரட்டியவர்கள். ஆகவே என்னிடம் நடுநிலைமை எதிர்பார்க்காதீர்கள்.

2

முதல் தொடக்கம்: ‘பனி கொட்டிய அந்த நவம்பர் காலையில் மார்லிஸ் இருமி...’

(அடித்துவிட்டேன். டுலூத்தில் நவம்பர் என்றால் பனி கொட்டாத காலைதான் செய்தி.)

இரண்டாவது: ‘மரணம் என்பது...’

(எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.)

மூன்றாவது: மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஒன்பது வருடமாக அவள் வயிற்றில் இருப்பது தம்பி கர்ட்டிஸ் கொடுத்த சிறுநீரகம். இந்த 2020 நவம்பரில் அவளுக்குக் கொரோனா வந்தது.

இதுவே இருக்கட்டும்.

3

இங்கே கொஞ்சம் கட்டுரை வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் சிறுநீரகத்தை நம் உடம்பு சும்மா ஏற்றுக்கொள்வதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மாத்திரை போட்டு அடக்கிவைத்தால்தான் அது பிழைக்கும். ஆனால் அடங்கிக் கிடக்கும் எதிர்ப்புச் சக்தி கொரோனாவோடு எப்படி மல்லுக்கட்டும்? அதனால் மருத்துவமனை நர்ஸ் போன் செய்து, மாத்திரைகளில் ஒன்றை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்தச் சொன்னார். மார்லிஸ் சரி என்றாள்.

நிறுத்தவில்லை.

[திட்டாதீர்கள். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். அலாரம் அடித்தால் கல்யாண வீடோ சாவு வீடோ, வாயில் போட்டு விழுங்குவோம். நானாக இருந்தாலும் விழுங்கியிருப்பேன்.]

4

கர்ட்டிஸ் சூப் பாத்திரத்தை வாசற்படியில் வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். உள்ளே அலாரம் அடித்தது. அவன் கண்ணெதிரே அவள் மாத்திரையை விழுங்கினாள்.

“அக்கா, அதத்தான நிறுத்தச் சொன்னாங்க?”

“ஆமாடா.”

“அப்புறம் என்னத்துக்கு முழுங்குற?”

“உன் கிட்னிடா அது. வீணாப்போச்சுன்னா உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

“குடுத்தது குடுத்ததுதான். திருப்பிக் கேக்கற ஆளா இருந்தா மொதல்ல உனக்கு விட்டுக்குடுத்த அப்பாவோட படகக் கேட்டிருப்பேன்.” ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனியைக் கையால் துடைத்தான். “கிட்னி போனாப் போவுது. எனக்கு நீ வேணும்.”

(இந்த இடத்தில் கர்ட்டிஸ் அழுததாக எழுதியிருந்தேன். பிறகு போனில் கேட்டேன். குளிரில் மூக்கு ஒழுகியது என்றான். அப்படியே வைத்துக்கொள்வோம்.)

அன்றோடு அவள் நிறுத்தினாள். மறுநாள் மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸ். முன்பே நிறுத்தியிருந்தால் இது வந்திருக்காதா? யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததுபோல் ஒரு பத்தி எழுதினேன். அது இப்போது இங்கே இல்லை.

5

முடிவுக்காக ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் துழாவினேன். அங்கே முடிவுகளைப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். ஆளும் சிறுநீரகமும் பிழைப்பது. சிறுநீரகம் போய் ஆள் பிழைப்பது. மூன்றாவது: ‘சிறுநீரகம் நன்றாக இயங்கும் நிலையில் மரணம்’.

அப்படி ஒரு பிரிவு நிஜமாகவே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன்.

மூன்றுக்கும் தலா ஒரு பக்கம் எழுதிவைத்தேன். வெட்கக்கேடு, மூன்றாவதுதான் நன்றாக வந்திருந்தது.

6

இன்று கர்ட்டிஸ் கூப்பிட்டான். அவளுடைய ஆக்ஸிஜனைக் கூட்டியிருக்கிறார்களாம், சிறுநீரகமும் சுணங்குகிறதாம். பிறகு கதை என்ன ஆயிற்று என்று கேட்டான். முடிவு மட்டும் பாக்கி, மூன்று வைத்திருக்கிறேன் என்றேன்.

“அவ செத்துப்போற மாதிரி ஒண்ணு இருக்கா?”

இருக்கிறது என்றேன்.

“அதக் கிழிச்சுடுப்பா. கிட்னி போற மாதிரி இருக்கட்டும், பரவால்ல. டயாலிசிஸுக்கு நான் கூட்டிட்டுப் போறேன்.”

கிழித்துவிட்டேன். மற்ற இரண்டில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. மூன்றாவதுதான் நம்பும்படி இருக்கும் என்று சொல்லும் வாசகர்கள், அதைக் கர்ட்டிஸிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். கொரோனா என்று அவனை உள்ளே விடமாட்டேன் என்கிறார்களாம். மருத்துவமனைக்கு வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறான்.