கம்பளத்தின் நடுச் சிவப்பு

எங்கள் தெருவில் ஒரு வீட்டின் மதிப்பைத் தெரிந்துகொள்ள அடுப்புக்கு முன்னால் கிடக்கும் கந்தல் கம்பளத்தின் நடுவைப் பார்த்தால் போதும். ஓரம் எல்லா வீட்டிலும் கறுப்புத்தான். சுரங்கத்துக்குப் போகிறவர்களின் கால்சட்டையும் சாவு வீட்டுக்குப் போட்டுப்போன கோட்டும் நைந்தால் வேறு என்ன நிறம் கிடைக்கும்? உள்ளே சாம்பலும் பழுப்பும் நீலமும் கலந்து கட்டி நிரப்பிவிடுவோம். ஆனால் நடுவில் ஒரு டைமன் வரும், சீட்டுக்கட்டில் இருக்குமே, அந்த மாதிரி. அது சிவப்பாக இருந்தாக வேண்டும்.

பக்கத்து வீட்டு ஹெப்சி அக்காவின் கம்பளத்தில் நல்ல சிவப்பு இருக்கிறது. அவள் கொழுந்தன் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த கோட்டு அது. அந்தக் கோட்டைப் பற்றி அவள் இன்னும் பேசி முடிக்கவில்லை. என் வீட்டிலோ கல்யாணமான நாள் முதல் நடுவில் செங்கல் பொடி நிறம். "பரவாயில்ல டார்கஸ், கண்ணை இடுக்கிக்கிட்டுப் பாத்தா சிவப்பாத்தான் தெரியுது" என்று அவள் ஒரு கிறிஸ்துமஸ் அன்று என் வீட்டிலேயே உட்கார்ந்து, என் டீயைக் குடித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் நினைத்தால் எரிகிறது.

இந்த வருஷம் பனி தொடங்கியதும் கம்பளம் குத்தும் மரச் சட்டத்தைப் பரணிலிருந்து கீழே இறக்கினோம். சர்க்கரைச் சாக்கைப் பிரித்துத் துவைத்து, இரண்டு கட்டைகளுக்கு நடுவே இழுத்துத் தைத்து, கரிக்கட்டையால் கோடு போட்டேன். வீட்டில் இருந்த கந்தலையெல்லாம் கொண்டுவந்து கொட்டச் சொன்னேன். என் புருஷன் ரால்ஃப் ஒரு சட்டையைக் கொடுத்தார், அதுவும் அழுதுகொண்டே. என் தம்பி செப்டிமஸ், செப் என்றுதான் கூப்பிடுவோம், எங்களோடுதான் இருக்கிறான், ரால்ஃபோடு ஒரே சுரங்கத்தில் வேலை. அவன் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, சுருட்டி வைத்திருந்த பழைய கால்சட்டை ஒன்றை எடுத்து வீசினான்.

"இந்தாக்கா. இனிமே அடுப்புப் பக்கம் எங்களை உட்கார விடமாட்ட. இதையாவது வாங்கிக்கிட்டு வாயை மூடு."

கந்தலைப் பிரிப்பதில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. கொல்லைக் கதவருகே நின்று, கையில் எது வந்தாலும் தையலோடு வெட்டி, பித்தானை டப்பாவில் போட்டு, மிச்சத்தை நேராகச் சலவைச் சோடா கரைத்த தொட்டியில் தள்ளிவிடுவேன். செப்பின் கால்சட்டைக்குள் இன்னொரு துணி சுருண்டு கிடந்தது. பழுப்பு நிறம், வறட்டி போல விறைப்பு. முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு வெட்டினேன். அதுவும் தொட்டிக்குள் போயிற்று.

மறுநாள் காலையில் தொட்டியைக் கலக்கினால் தண்ணீர் சேறாக இருக்கிறது, உள்ளே இருந்து சிவப்பு வருகிறது. ஏதோ ஒரு சிவப்பு இல்லை. தபால் பெட்டிச் சிவப்பு. நான் அங்கேயே நின்று ரால்ஃபின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவர் யாரோ தொட்டிக்குள் விழுந்துவிட்டார்கள் என்று ஓடி வந்தார். ஹெப்சி அக்கா மதில் மேல் தலையை நீட்டிப் பார்த்தாள், பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் நின்றதை நான் என் வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே தீப்பெட்டி நீளத்துக்குத் துண்டு போட உட்கார்ந்தோம். வெட்டுவது எங்கள் பக்கத்தில் ஆண்கள் வேலை. சிவப்பை நான் செப்பிடம் கொடுத்தேன், அவன் கை சுத்தம் என்று. அவன் ஒரு துண்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"யக்கா, எங்கே புடிச்ச இதை? என்னா சிவப்பு."

"உன் மூட்டையிலதான் இருந்துச்சு."

"என் மூட்டையிலயா? நம்ம மூட்டையில இவ்வளவு நல்லது ஏது?" என்று சிரித்துவிட்டு, பக்கத்து ஊர் கோர்ஸ்டன்காரர்களை இந்தத் தடவை எப்படி மடக்கப்போகிறோம் என்று ரால்ஃபிடம் பேசிக்கொண்டே அத்தனையையும் வெட்டித் தள்ளினான். செப்தான் எங்கள் ஊர் கால்பந்து அணியின் கோல்கீப்பர். கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை கோப்பைக்கான கடைசி ஆட்டம். அந்தக் கோப்பை நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே கோர்ஸ்டன் மன்றத்து அலமாரியில் ஏறியது. இன்னும் இறங்கவில்லை.

ஹெப்சி அக்காவும் எதிர்வீட்டு ஆக்னஸும் வந்து சட்டத்தின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். துணி உலர்த்தும் கவ்வியில் பாதியை எடுத்துக் கூராகச் சீவி வைத்திருப்போம், அதுதான் குத்துக்குச்சி. சாக்கில் ஓட்டை போட்டு ஒரு துண்டின் முனையைக் கீழே தள்ளு, பக்கத்தில் இன்னொரு ஓட்டை, மறுமுனையையும் தள்ளு. கம்பளத்தின் முகம் கீழ்ப்பக்கம் இருக்கும். முடிந்த பகுதி கட்டையில் சுருண்டுகொண்டே போகும். கிறிஸ்துமஸ் முன்தினம் அறுத்துத் திருப்பிப் போடும்வரை என்ன செய்திருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. டைமன் முடிந்து கட்டைக்குள் சுருண்டபோது எனக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்த செப் முகம்கூடக் கழுவாமல் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டான். வெளியே வரும்போது கரி படிந்த முகத்தில் கண் மட்டும் தெரிந்தது.

"அக்கா, என் ஜெர்சி எங்கே?"

"எந்த ஜெர்சி?"

"என் ஜெர்சி. ஒரு பழைய காச்சட்டைக்குள்ள சுருட்டி வச்சிருந்தேனே. உன் கண்ணுல பட்டா கம்பளத்துல போட்டுருவேன்னுதான் ஒளிச்சு வச்சேன்."

போன வருஷக் கோப்பை கைவிட்டுப் போன பிறகு அந்த ஜெர்சியைப் போட்டு அவன் ஒரு ஆட்டமும் தோற்றதில்லை. துவைத்தால் அதிர்ஷ்டம் போய்விடும் என்று துவைக்கவே விட்டதில்லை. சேற்றின் மேல் சேறாக ஏறி, அது சிவப்பு என்பதையே நாங்கள் எல்லோரும் மறந்திருந்தோம். போட்டவனே மறந்திருந்தான்.

"செப், அந்தக் காச்சட்டையத்தான் நீ எனக்குக் குடுத்த."

அவன் சட்டத்தைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான்.

"நான்தானே வெட்டினேன்" என்றான்.

கோபப்பட்டிருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும், நான் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. அவன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, நாளைக்கு ஆடமாட்டேன் என்றான். மிரட்டலாகச் சொல்லவில்லை, உடம்பு சரியில்லாதவன் சொல்வதுபோலச் சொன்னான். சேதி தெருவில் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? வாசலில் அணித்தலைவன் வந்து நின்றான், அவனுக்குப் பின்னால் பாதித் தெரு. ரால்ஃப் என்னைப் பார்த்த பார்வையில், ஒரு கம்பளத்துக்காக ஊரையே கவிழ்க்கப் போகிறாயா என்று எழுதியிருந்தது.

"கட்டையைப் பிரி" என்றான் செப். "என் துண்டையெல்லாம் எடுத்துக்குடு. சட்டைக்குள்ள வச்சித் தைச்சிக்கிறேன்."

ஹெப்சி அக்கா சட்டத்தின் மேல் இரண்டு கையையும் பரப்பிக்கொண்டாள். "பிரிக்கிறதாவது. மூணு பொம்பளைங்க இடுப்பொடியக் குத்தியிருக்கோம்."

"எல்லாரும் வெளிய போங்க" என்றேன் நான். "செப், நீ மாமாவோட போய் அவர் வளக்கிற புறாவைப் பாரு. இருட்டுறதுக்குள்ள உன் துண்டு உன் கையில இருக்கும்."

கதவைத் தாழிட்டேன். கட்டையைப் பிரிக்கத்தான் போனேன், சத்தியமாக. இரண்டு சுற்றுப் பிரித்ததும் டைமனின் ஒரு மூலை தெரிந்தது. தலையைக் குனிந்து கீழே இருந்து அதன் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சிவப்பு என்னைப் பார்த்தது. என்னால் முடியவில்லை. தம்பி மேல் பாசம் இல்லாமல் இல்லை. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். ஆனாலும் முடியவில்லை.

ஆக்னஸ் மெதுவாகக் கேட்டாள். "தெருவுல வேற சிவப்பே இல்லையா?"

"இருந்தா இவ்வளவு வருஷம் செங்கல் பொடியிலயா கிடந்திருப்பா?" என்றாள் ஹெப்சி அக்கா. இந்த நேரத்திலும் அவளுக்கு அது ஞாபகம் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன குளிரில் தைத்த கம்பளி உள்பாவாடை. தடித்த சிவப்பு, முழங்காலுக்குக் கீழே வரும். எங்கே இருக்கிறது என்று தேடவேண்டிய அவசியம் இல்லை, நான் அதைப் போட்டுக்கொண்டுதான் நின்றேன்.

நாடாவை அவிழ்த்துக் காலடியில் விட்டேன். ஆக்னஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹெப்சி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"தீப்பெட்டியை எங்க வச்ச?" என்றாள். "அளவு சரியா இருக்கணும், வெட்டினவன் அவன், கண்டுபிடிச்சுருவான்."

மூன்று பேரும் வெறி பிடித்தவர்கள் மாதிரி வெட்டினோம். பாவாடை ஜெர்சித் துணி இல்லை, தடித்த கம்பளி. நெய்த விதமே வேறு. வித்தியாசம் தெரியாமல் இருக்கத் துண்டுகளைத் தண்ணீரில் நனைத்துக் கசக்கி அடுப்பருகே காயவைத்தோம். அணியில் செப்புக்குக் கொடுத்து அவன் தொடாமலே வைத்திருந்த புதுப் பச்சை ஜெர்சிக்கு உள்ளே, நெஞ்சுப் பக்கம், அத்தனையையும் நெருக்கமாக அடுக்கி, மேலே ஒரு மாவுப்பைத் துணியை வைத்துத் தைத்தோம்.

"கிறிஸ்துமஸுக்குத் திருப்பிப் போடும்போது தெரிஞ்சுருமே" என்றாள் ஆக்னஸ்.

"முதல்ல ஜெயிக்கட்டும்" என்றேன்.

செப் வந்து ஜெர்சியைத் தடவிப் பார்த்தான். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டை விரலால் உருட்டினான்.

"ரொம்ப மெத்துனு இருக்கே."

"துவைச்சா துணி மெத்துனுதான் இருக்கும். நீ எங்க துவைக்க விட்ட?" என்றேன். அவன் தலையாட்டினான். பிறகு என் கையைப் பிடித்து, "உன் டைமனை எனக்காகப் பிச்சிட்டியேக்கா" என்றான். நான் அடுப்பைக் கிளறப் போய்விட்டேன்.

சனிக்கிழமை மைதானத்தில் சுரங்கத்து மேட்டிலிருந்து இறங்கிய காற்று நேராக என் பாவாடைக்குள் புகுந்தது. நான் குதித்துக்கொண்டே இருந்தேன். டார்கஸுக்கு என்ன ஆர்வம் பார் என்று ஊர் நினைத்திருக்கும். "நல்லாக் குதி, சூடு வரும்" என்று ஹெப்சி அக்கா காதோரம் சொல்லிவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் ஒட்டி நின்று காற்றை மறைத்தாள். அவள் என்னதான் பேசினாலும் நல்லவள்.

சேறு கணுக்கால்வரை. முதல் பாதியில் எங்கள் பையன் ஒருவன் வழுக்கி விழுந்து, விழுந்த காலே பந்தில் பட்டு அது கோர்ஸ்டன் கோலுக்குள் போனது. அதற்கப்புறம் கோர்ஸ்டன்காரர்கள் அத்தனை பேரும் செப்பின் மேல்தான் வந்து விழுந்தார்கள். அவன் பாய்ந்தான், உருண்டான், பல்லால்கூடப் பிடித்திருப்பான். ஒவ்வொரு தடவை எழுந்ததும் நெஞ்சைத் தொட்டுக்கொண்டான். அவன் தொடும்போதெல்லாம் ஆக்னஸ் என் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பந்து உள்ளே போனால், அது என் உள்பாவாடை விட்ட பந்து.

கடைசியில் நடுவர் பெனால்ட்டி என்று கையைக் காட்டினார். அவர்கள் பக்கத்தில் குதிரை மாதிரி கால் உள்ள ஒருவன் பந்தை வைத்தான். எனக்குக் குளிர் போன இடம் தெரியவில்லை. கடவுளே, உள்ளே போனால் டைமனைப் பிரித்துத் தெருவில் வீசிவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அவன் உதைத்தான். பந்து நேராக வந்து செப்பின் நெஞ்சில் அறைந்தது. பஞ்சு மூட்டையில் பட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. பந்து அவன் காலடியில் தொப்பென்று விழுந்தது, அவன் அதன் மேல் படுத்துக்கொண்டான்.

கோப்பை எங்கள் தெரு வழியாகத்தான் போயிற்று. ரால்ஃப் அழுதார்.

கிறிஸ்துமஸ் முன்தினம் மத்தியானம் வீட்டில் மூச்சுவிட இடம் இல்லை. புதுக் கம்பளத்தை அறுத்ததும் முதலில் யாரையாவது அதில் சுருட்டித் தரையில் உருட்டுவோம், அதிர்ஷ்டத்துக்கு. இந்த வருஷம் யாரை என்று யாரும் கேட்கவே இல்லை. செப் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சட்டத்தின் பக்கத்திலேயே நின்றான். நான் ஓரத்துத் தையலை அறுத்தேன். ஹெப்சி அக்கா ஒரு மூலையையும் நான் ஒரு மூலையையும் பிடித்துத் திருப்பிப் போட்டோம்.

நடுவில் டைமன் தகதகவென்று இருந்தது. ஒரு துண்டு குறையவில்லை. அவ்வளவு அழகை நான் எதிர்பார்க்கவில்லை, எனக்கே கண் கலங்கியது. வீடு முழுக்க "அடேயப்பா" என்றது. செப் மட்டும் குனிந்து டைமனைப் பார்த்தான். பிறகு ஆணியில் மாட்டியிருந்த பச்சை ஜெர்சியை எடுத்து, மாவுப்பைத் துணியின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து, உள்ளிருந்து ஒரு துண்டை உருவினான். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனான்.

"என் ஜெர்சி அங்கே இருக்கு" என்றான். "அப்ப இது என்ன?"

ஆக்னஸ் கூரையைப் பார்த்தாள். ஹெப்சி அக்காதான் கடைசியில் சொன்னாள்.

"ஒரு வாரமா உன் அக்கா அடுப்பை விட்டு நகர மாட்டேங்குறாளே, ஏன்னு ஒருநாளாவது யோசிச்சியாடா?"

அவன் என் பாவாடையைப் பார்த்தான். கையில் இருந்த துண்டைப் பார்த்தான். காதுவரை சிவந்துபோனான். என்னை அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன், இல்லை, வீட்டை விட்டே போய்விடப் போகிறான் என்று நினைத்தேன். அவன் கம்பளத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றி நடந்து என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் குனிந்து கேட்டான்.

"அக்கா, புதுவருஷத்துக்கு மறுபடியும் கோர்ஸ்டனோட ஆட்டம் இருக்கு. உன் உள்பாவாடையில மிச்சம் ஏதாவது இருக்கா?"